மாமா மாலை போட்ட மூணாம் நாள்

மாமாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். "எழுதிக்க மாப்ளே, பேரை மட்டும் போட்டுறாத"ன்னாரு. ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான், பேரைப் போட்டா என்ன போடாட்டி என்ன, இருந்தாலும் வாக்கு வாக்குதான், அதனால மாமான்னே இருக்கட்டும். அம்மாவோட கடைசித் தம்பி. ஆத்தங்குடியில கல்லு போடுற வேலை, வெளியூர்க்காரங்க டைல்ஸ்னு சொல்றதுதான்.

அந்த வேலையைப் பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்களா? கண்ணாடி மேல இரும்புச் சட்டத்தை வச்சு, அதுக்குள்ள பூ டிசைன் அச்சை இறக்கி, செவப்பு பச்சை மஞ்சள்னு சாயம் கலந்த சிமெண்ட்டைக் கூழு மாதிரி கரைச்சு வச்சிருப்பாங்க, அதைச் சின்னக் கரண்டியில மொண்டு கட்டம் கட்டமா ஊத்தணும். ஊத்தி முடிச்சு அச்சை மேல தூக்குறப்ப கை ஒரு நூல் ஆடுனாலும் ஒரு கலர் இன்னொரு கலருக்குள்ள ஓடிரும், அந்தக் கல்லு வீண். அப்புறம் காஞ்ச கலவையைத் தூவி, ஈரக் கலவையைப் போட்டு, மட்டம் தட்டி, தண்ணித் தொட்டியில ஊறப்போடுவாங்க. மெஷின் எதுவும் கெடையாது, எல்லாம் கைதான். மாமா கையி அந்த வட்டாரத்துலயே பேரு வாங்குன கையி.

அந்தக் கை காலைல ஆடும். விடியக்காலம் எந்திரிச்சதும் டீ கிளாஸைப் புடிச்சா பாதி டீ வேட்டியிலதான். அதுக்காக ராத்திரியே கொஞ்சம் மிச்சம் வச்சுக்குவாரு, ஏன்னா கடை 12 மணிக்குத்தான திறப்பாங்க. பாத்ரூம் மாடத்துல ஒளிச்சு வச்சிருக்குற அந்தக் கட்டிங் உள்ள போன பத்தாவது நிமிஷம் கை கல்லு மாதிரி நின்னுரும், அப்புறம் வேலைக்குப் போனா அவரு ஊத்துற பூவைப் பாத்தா இந்த மனுஷன் குடிகாரன்னு எவனும் சொல்ல முடியாது. "தண்ணி அடிச்சாத்தான்டா கை நிக்குது"ன்னு பெருமையா வேற சொல்லுவாரு. நாங்களும் சிரிச்சிருக்கோம். அந்தக் கை நடுங்குறதே நோயோட முதல் படின்னும், காலைல ஊத்துற கட்டிங் அதை மூடி மறைக்குதுன்னும் அப்ப எங்க யாருக்கும் தெரியாது. நான் ஒரு டிகிரி முடிச்சவன், எனக்கே தெரியாது.

ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு கணக்குப் போட்டா, ராத்திரி ஒரு ஆஃபு, அதாவது ரெண்டு குவாட்டரு அளவு, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல ஒரு குவாட்டரு, காலைக் கட்டிங் தனி. ஒரு குவாட்டர்ங்குறது 180 மில்லி, அதுல 42.8 சதவீதம் சாராயம், அப்படின்னா சுத்தமான ஆல்கஹால் மட்டும் கிட்டத்தட்ட 60 கிராம். டாக்டருங்க கணக்குல 10 கிராம் ஒரு டிரிங்க். அதாவது ஒரு குவாட்டரே ஆறு டிரிங்க், மாமா தெனம் பதினெட்டு இருபதுன்னு பதினாலு வருஷமா ஊத்திக்கிட்டு இருந்திருக்காரு. "ரெண்டு ரவுண்டு"ன்னு சொல்லிக்கிட்டு.

போன கார்த்திகைக்கு முந்துன கார்த்திகை, அயித்தை அழுது பொலம்பி, அம்மாயி சாப்பிடாம கெடந்து, பெரிய பொண்ணு சடங்குக்கு வந்த சொந்தக்காரங்க முன்னாடி ஏதோ அசிங்கமாப் போயி, மாமா ரோஷப்பட்டு "மாலை போடுறேன்"னுட்டாரு. வீடே குளிர்ந்துருச்சு. எங்க பக்கம் குடியை விடுறதுன்னா ரெண்டு வழிதான், ஒண்ணு கார்த்திகையில சபரிமலைக்கு மாலை, இன்னொண்ணு தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடைபயணம். டாக்டர்னு ஒரு மூணாவது வழி இருக்குங்குறது யாருக்கும் தோணாது. மாலை போட்டு விட்டவங்க நெறயப் பேரு இருக்காங்க, நான் அதைக் கொறை சொல்லல, அப்பப்ப குடிக்கிறவனுக்கு அது நல்ல வேலை செய்யும். பதினாலு வருஷம் தெனம் மொடாக் குடி குடிச்சவனுக்கும் அதே மருந்துன்னு நெனச்சதுதான் தப்பு.

கார்த்திகை ஒண்ணுக்கு முந்துன ராத்திரி "இன்னைக்கோட கடைசி"ன்னு நல்லாவே ஏத்திக்கிட்டாரு. பத்து மணி இருக்கும் கடைசி கிளாஸ். இந்தப் பத்து மணியை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

காலைல அஞ்சு மணிக்குப் பச்சத் தண்ணியில குளிச்சுட்டு ஊர்ப் பிள்ளையார் கோயில்ல குருசாமி மாலையைக் கழுத்துல போட்டப்பவே மாமாவுக்கு ஒடம்பு ஆடுச்சு. குளிருன்னு நெனச்சோம். கற்பூரத் தட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்க முடியல, விரல் தனித்தனியா ஆடுது, ஒரு கிழவி "சாமி எறங்குது"ன்னு குலவை வேற விட்டுச்சு. மத்தியானம் ரெண்டு தடவை வாந்தி. சட்டையைப் புழிஞ்சா தண்ணி ஊத்துற அளவுக்கு வேர்வை, மழைக் காலத்துல! நெஞ்சு தடக்கு தடக்குன்னு அடிக்குதுன்னாரு. அயித்தை மோர்த்தண்ணி குடுத்துச்சு. "கெட்டதெல்லாம் வெளிய போகுது"ன்னு எல்லாரும் சந்தோஷமாச் சொல்லிக்கிட்டோம், நானும் சொன்னேன், அந்த வாக்கியத்தை இப்ப நெனச்சாலும் கூசுது.

ராத்திரி தூங்கவே இல்ல. யாரோ முகப்புல நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு நாலு தடவை எந்திரிச்சுப் போயிக் கதவைத் திறந்து பாத்தாராம். மறுநாள் காலைல ஒம்போது மணி வாக்குல, திண்ணையில ஒக்காந்து இட்லியைப் பிச்சுக்கிட்டு இருந்தவரு அப்படியே பின்னால சாஞ்சு வலிப்பு. கண்ணு மேல சொருகி, பல்லைக் கடிச்சு, வாயில நுரையோட ரத்தம். பக்கத்து வீட்டு அண்ணன் ஓடிவந்து இரும்புச் சாவியைக் கையில திணிச்சாரு, இன்னொருத்தரு கரண்டியை வாயில வைக்கப் பாத்தாரு. ரெண்டும் செய்யக்கூடாது. சாவிக்கும் வலிப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, கரண்டி வச்சா பல்லு ஒடஞ்சு தொண்டைக்குள்ள போகும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்குக் கீழ துண்டு, சுத்தி இருக்குற சாமான் சட்டியை நகட்டிட்டு, மணி பாக்கணும், அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனாலோ மறுபடி மறுபடி வந்தாலோ ஒரு செகண்டு யோசிக்காம 108. தண்ணி ஊத்தக்கூடாது. வாழ்க்கையில முதல் தடவையா வலிப்பு வந்தா சீக்கிரம் நின்னாலும் ஆஸ்பத்திரி போயித்தான் ஆகணும்.

இப்பத்தான் நான் சொல்ல வந்த எடத்துக்கே வர்றேன். பக்கத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பேரு வேணாம். டூட்டி டாக்டர் சின்னப் பையன், ஒழுங்காத்தான் கேட்டாரு, "குடிப் பழக்கம் உண்டா?"ன்னு. மாமா கழுத்துல துளசி மாலை தொங்குது. அயித்தை என் மொகத்தைப் பாத்துச்சு, நான் அயித்தை மொகத்தைப் பாத்தேன். "எப்பவாச்சும் சார், விசேஷத்துல"ன்னுச்சு. நான் வாயைத் திறக்கல. சாமி வேஷத்துல இருக்குற மனுஷனைக் குடிகாரன்னு எப்படிச் சொல்றதுன்னு ஒரு கூச்சம், சுத்தி நாலு தெரிஞ்ச மொகம் வேற. அந்த ஒரு பொய்யில எல்லாம் மாறிப்போச்சு. விரதப் பட்டினி, சக்கரை கொறஞ்சிருக்கும்னு குளூக்கோஸ் பாட்டில் ஒண்ணு ஏத்தி, ஒரு மாத்திரை எழுதிக் குடுத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவங்களும் இன்னும் கொஞ்சம் துருவிக் கேட்டிருக்கலாம், கையை நீட்டச் சொல்லிப் பாத்திருக்கலாம், நாக்கு நடுங்குறதைப் பாத்திருந்தாலே தெரிஞ்சிருக்கும்னு எனக்கு இன்னைக்கும் ஆத்தாமைதான், ஆனா பொய் சொன்னது நாங்க.

அன்னைக்கு ராத்திரி பதினோரு மணி. மாமா எந்திரிச்சு வளவுல குத்தவச்சு ஒக்காந்துக்கிட்டாரு. தரையில அவரே பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்ட கல்லு. அதுல இருக்குற பூவெல்லாம் ஊர்ந்து வருதுன்னு ஒவ்வொண்ணாத் தட்டி விடுறாரு, "எறும்பு பாரு, எறும்பு பாரு"ங்குறாரு, லுங்கியை ஒதறுறாரு. என்னைப் பாத்து மேஸ்திரின்னு கூப்பிட்டாரு. விடிய நாலு மணிக்குக் கதவைத் திறந்துக்கிட்டுத் தெருவுல ஓடுறாரு, ஒடம்பு அனலாக் கொதிக்குது, நாலு பேரு சேந்து புடிச்சும் அடக்க முடியல. பேயி புடிச்சிருச்சு, மாலை போட்டும் தீட்டு பட்டிருச்சு, குன்றக்குடிக்குக் கூட்டிட்டுப் போங்க, மந்திரிக்கிறவரைக் கூப்பிடுங்கன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. குருசாமியும் அந்தச் சத்தத்துக்கு எந்திரிச்சு வந்துட்டாரு. வயசானவரு, பழைய மில் தொழிலாளி. மாமா கண்ணைப் பாத்தாரு, கையைத் தொட்டுப் பாத்தாரு, "யப்பா, எங்க மில்லுல ஒருத்தன் இப்படித்தான் செத்தான், மூணாம் நாளு, ஆம்புலன்ஸுக்குப் போடு"ன்னாரு. போற வழியிலயே மாலையை அவர் கையாலயே கழட்டிட்டாரு. "அய்யப்பன் கோச்சுக்க மாட்டாரு, நான் பாத்துக்குறேன்."

ஜி.எச்.ல டூட்டியில இருந்தது ஒரு டாக்டரம்மா. வந்ததும் ரெண்டே கேள்வி, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியா குடிச்சது எத்தன மணிக்கு. அயித்தை மறுபடி "அது வந்து..."ன்னு இழுத்துச்சு, நான் குறுக்க விழுந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன், ஆஃபு, குவாட்டரு, காலைக் கட்டிங், முந்தாநாளுக்கு முந்துன ராத்திரி பத்து மணி. டாக்டரம்மா விரல்ல எண்ணிப் பாத்து "அம்பத்தஞ்சு மணி நேரம்"னாங்க. அப்புறம் ரெண்டு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேத்து, எதையோ இழுத்துப் புடிச்ச மாதிரி மாமா மொகத்துக்கு நேரா காட்டி, "அய்யா இந்த நூல் என்ன கலரு?"ன்னாங்க. கையில ஒண்ணுமே இல்ல. மாமா உத்துப் பாத்துட்டுச் சொன்னாரு, "செவப்பு."

என் முதுகுத் தண்டுல ஓடுன குளிரு இன்னும் போகல.

கட்டில்ல படுக்க வச்சதும் மாமா கை சும்மா இல்ல. இடது கையில எதையோ புடிச்சுக்கிட்டு, வலது கையால மொள்ளுறாரு, ஊத்துறாரு, மொள்ளுறாரு, ஊத்துறாரு. எனக்குக் கொஞ்ச நேரம் புரியல, அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, கல்லு போடுறாரு. ஊத்தி முடிச்சு, மூச்சைப் புடிச்சுக்கிட்டு அச்சை நேரா மேல தூக்குறாரு, அவ்வளவு நடுக்கத்துலயும் அந்தத் தூக்கு மட்டும் பழகுன தூக்கு. இந்த நெலமையில தான் பாக்குற தொழிலையே கை செய்யும்னு நர்ஸம்மா சொன்னாங்க, டிரைவரா இருந்தா ஸ்டியரிங்கை வளைப்பாங்களாம், தையக்காரங்க துணி தைப்பாங்களாம்.

இதுக்குப் பேரு டெலிரியம் ட்ரெமென்ஸ், நடுக்கத்தோட வர்ற பிதற்றல். 1813லயே தாமஸ் சட்டன்னு ஒரு இங்கிலீஷ் டாக்டர் இந்தப் பேரை வச்சுட்டாரு, ஆனா குடியை நிறுத்துறதுதான் காரணம்னு சந்தேகமில்லாம நிரூபிச்சது 1950கள்லதான், அமெரிக்காவுல. அது வரைக்கும் குடிச்சதால வருதா நிறுத்துனதால வருதான்னு டாக்டருங்களுக்குள்ளயே சண்டை. எங்க தெருவுல அந்தச் சண்டை இன்னும் முடியல.

டாக்டரம்மா சொன்னதை நான் எங்க ஊர்க் கணக்குல இப்படிப் புரிஞ்சுக்கிட்டேன். தேரை முன்னாடி வடம் புடிச்சு இழுப்பாங்க, பின்னாடி சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுறவங்க இருப்பாங்க. மூளையிலயும் இழுக்குற சரக்கு ஒண்ணு இருக்கு, குளூட்டமேட்டுன்னு பேரு, தடுக்குற சரக்கு காபா. சாராயம் தடுக்குற பக்கத்துக்குத் தொணையா நிக்கும், இழுக்குற பக்கத்தை அமுக்கும். தெனம் இப்படியே நடந்தா மூளை என்ன பண்ணும், தேரு நகரணுமேன்னு வடத்துக்கு ஆளைக் கூட்டிக்கிட்டே போகும், முட்டுக்கட்டைக்காரங்கள்ல பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிரும், அதான் சாராயம் அந்த வேலையைப் பாக்குதே. பதினாலு வருஷம் இப்படி ஓடுன தேருல திடீர்னு ஒரு நாள் சாராயத்தை உருவிட்டா? இழுக்க ஆயிரம் பேரு, தடுக்க ஆளே இல்ல. கை நடுக்கம், வேர்வை, படபடப்பு, வலிப்பு, பிதற்றல் எல்லாம் அந்தத் தேரு தறிகெட்டு ஓடுறதுதான். மனசு பலவீனம் கெடையாது, நடிப்பும் கெடையாது. "மனசு வச்சா விட்டுறலாம்"னு சொல்ற ஆளுங்களை இப்பல்லாம் பாத்தா எனக்குக் கோவம் வருது, மாமா மனசு வச்சுத்தான் விட்டாரு, அதுலதான் சாகப் பாத்தாரு.

மணிக்கணக்கும் கிட்டத்தட்ட அச்சடிச்ச மாதிரி இருக்கு. கடைசி கிளாஸ்லேருந்து ஆறு எட்டு மணி நேரத்துல நடுக்கம், வாந்தி, வேர்வை, தூக்கமின்மை. பன்னெண்டுலேருந்து இருவத்திநாலு மணிக்குள்ள சிலருக்கு இல்லாத சத்தம், இல்லாத உருவம். வலிப்பு வந்தா பெரும்பாலும் முதல் ரெண்டு நாளைக்குள்ள. பிதற்றல் ரெண்டாம் நாள் முடிஞ்சு நாலாம் நாளுக்குள்ள. மாமாவை அந்த வரிசையில வச்சுப் பாத்தா ஒண்ணு கூட தப்பல, கோயில்ல நடுங்குனது ஏழாவது மணி, திண்ணையில விழுந்தது முப்பத்தஞ்சாவது மணி. முதல் நாள் தாண்டிட்டா கண்டம் தாண்டிருச்சுன்னு நெனைக்கிறோம் பாருங்க, பெரிய கண்டமே மூணாம் நாள்தான் வருது.

எல்லாக் குடிகாரருக்கும் இது வராது, அதையும் சொல்லிறணும், இல்லாட்டி இதைப் படிச்சுட்டு "நிறுத்துனா செத்துருவேன், அதனால குடிக்கிறேன்"னு நாளைக்கே எவனாச்சும் பாட்டிலைத் திறப்பான். விட்டா ஏதோ ஒரு தொந்தரவு வர்றவங்கள்ல, பிதற்றல் வரைக்கும் போறது நூத்துக்கு மூணு முதல் அஞ்சு பேரு. வைத்தியமே இல்லாத காலத்துல அப்படிப் போனவங்கள்ல மூணுல ஒருத்தரு வரைக்கும் செத்திருக்காங்க, இப்ப ஒழுங்கா வைத்தியம் பாத்தா நூத்துக்கு அஞ்சுக்கும் கீழ. யாருக்கு ஆபத்து ஜாஸ்தின்னா, காலைல கண்ணு முழிச்சதும் ஊத்துனாத்தான் கை நிக்கும்ங்குறவங்க, முன்னாடி நிறுத்துனப்ப வலிப்போ பிதற்றலோ வந்தவங்க, கல்லீரல் கெட்டவங்க, வயசானவங்க, காய்ச்சல் அடிபடல்னு வேற வியாதியோட இருக்குறவங்க. இந்த ஆளுங்க தனியா வீட்டுல ஒக்காந்து ஒரே நாள்ல நிறுத்தவே கூடாது. டாக்டரைப் பாத்துட்டு நிறுத்தணும், அவ்வளவுதான் வித்தியாசம்.

2020 லாக்டவுன் ஞாபகம் இருக்கா, மார்ச் கடைசியில மூடுன டாஸ்மாக்கு மே 7 வரைக்கும் திறக்கல, ஒரே ராத்திரியில ஊரே ஒட்டுக்கா குடியை நிறுத்துச்சு. வீட்டுக்கு வீடு என்ன நடந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்துல, கோட்டைப்பட்டினத்துல, ஷேவிங் லோஷனைக் கூல்டிரிங்ஸ்ல கலந்து குடிச்சு மூணு பேரு போயிட்டாங்க. கேரளாவுல டாக்டர் சீட்டு இருந்தா சரக்கு தரலாம்னே கவர்மெண்டு உத்தரவு போட்டு, கோர்ட்டு தடுத்து நிறுத்துச்சு. மாமா அப்ப ப்ளாக்ல மூணு மடங்கு வெலைக்கு வாங்கித் தப்பிச்சாரு, தப்பிச்சாருன்னு சொல்றதா என்னன்னு தெரியல. காந்தி ஜெயந்திக்கு முதல் நாள் கடையில நிக்கிற கூட்டத்தைப் பாத்துச் சிரிப்போம்ல, அதுல பாதிப் பேரு ஆசையில நிக்கல, மறுநாள் காலை நடுக்கத்துக்குப் பயந்து நிக்கிறாங்க.

இதே மாதிரி மாட்டிக்கிறது இன்னொரு எடத்துல, ஆக்சிடெண்டு ஆகி கால் ஒடஞ்சு பெட்டுல படுத்தவங்க, ஆபரேஷனுக்குச் சேந்தவங்க. ரெண்டு நாள் கழிச்சுத் திடீர்னு டியூபைப் புடுங்கிக்கிட்டு ஓடுவாங்க, "மயக்க மருந்து ஒத்துக்கல"ன்னு வீட்டுல பேசிக்குவாங்க. அட்மிஷன் போடுறப்பவே குடியைப் பத்தி உண்மையைச் சொல்லியிருந்தா முதல் நாளே மாத்திரை போட்டிருப்பாங்க. டாக்டர் கேக்குறது ஒங்க மானத்தை வாங்க இல்ல, டோஸைக் கணக்குப் போட.

மாமாவுக்கு முதல்ல போட்டது தயமின் ஊசி, பி1 வைட்டமின். குடிகாரங்க ஒழுங்காச் சாப்பிட மாட்டாங்க, சாப்பிட்டாலும் குடல் உறிஞ்சாது, பி1 வத்திப்போயிருக்கும். அப்படிப்பட்ட ஒடம்புக்கு பி1 குடுக்காம வெறும் குளூக்கோஸை ஏத்துனா, அதைச் செரிக்க இருக்குற கொஞ்சநஞ்ச பி1ம் செலவாயிரும். அப்ப கண்ணு முழி ஆடும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும், 1881ல வெர்னிக்கேன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சது. கவனிக்காம விட்டா ஞாபகமே போயிரும், புதுசா எதுவும் மனசுல நிக்காது, இல்லாததை இருந்ததாச் சொல்லுவாங்க, வாழ்நாள் முழுக்க. முந்துன நாள் தனியார்ல ஏத்துன அந்தக் குளூக்கோஸ் பாட்டில் ஞாபகம் வந்துச்சு. நாங்க சொன்ன பொய்யும்.

அப்புறம் லோராசிபாம் ஊசி, கல்லீரல் நெலமையைப் பாத்து அதைத் தேர்ந்தெடுத்தோம்னாங்க, கல்லீரல் நல்லா இருக்குறவங்களுக்குக் குளோர்டயசெபாக்சைடு மாத்திரை. உருவுன முட்டுக்கட்டைக்குப் பதிலா இன்னொரு முட்டுக்கட்டை, நாளுக்கு நாள் கொறைச்சுக்கிட்டே வந்து அஞ்சாறு நாள்ல எடுத்துருவாங்க. பொட்டாசியம், மெக்னீசியம் ரெண்டும் எறங்கிக் கெடந்துச்சு, அதையும் ஏத்துனாங்க. பேரைச் சொல்லிட்டேன்னு மெடிக்கல்ல போயி யாரும் இந்த மாத்திரையைக் கேக்காதீங்க, சரக்கோட சேந்தா மூச்சே நின்னுரும். பேப்பர்ல வர்ற "அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்" பொடியும் அதே மாதிரிதான். உள்ள என்ன கலந்திருக்குன்னு எவனுக்குத் தெரியும். டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை இருக்கு, அதைப் போட்டுட்டுக் குடிச்சா மொகம் செவந்து, நெஞ்சு படபடத்து, பிரஷர் தடால்னு எறங்கும், அதைத் தெரிஞ்சு சம்மதிச்சு டாக்டர் மேற்பார்வையில போடணும். புருஷனோட சாம்பார்ல ரகசியமாக் கலக்குறது அவரைக் கொல்ல எடுக்குற முயற்சிதான், நல்லெண்ணமா இருந்தாலும்.

அஞ்சாம் நாள் சாயங்காலம் மாமா கண்ணு முழிச்சு "மாப்ளே, நீ எப்ப வந்த?"ன்னாரு. அஞ்சு நாளா நான் அங்கதான் கெடந்தேன். அவருக்கு வலிப்பு ஞாபகமில்ல, தெரு ஞாபகமில்ல, செவப்பு நூலு ஞாபகமில்ல. கோயில்ல கற்பூரம் காட்டுனது வரைக்கும்தான் இருக்கு.

அத்தோட திருந்திட்டாருன்னு முடிச்சா நல்லாத்தான் இருக்கும். பங்குனியில குலதெய்வம் கோயில்ல கெடா வெட்டு, மச்சினன்மாரு ஒரு கிளாஸ் நீட்டுனாங்க, ரெண்டு வாரத்துல பழைய ஆஃபுக்கு வந்துட்டாரு. அயித்தை தலையில அடிச்சுக்கிச்சு, "திருப்பி மாலை போடச் சொல்லு"ன்னு அம்மாயி. நான் வேணாம்னுட்டேன். ஒவ்வொரு தடவை விட்டுட்டுப் புடிக்கிறப்பவும் அடுத்த தடவை வர்ற நடுக்கமும் வலிப்பும் முன்னதை விட மோசமா இருக்கும்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க. அதனால இந்தத் தடவை கடைசி கிளாஸுக்கு முன்னாடியே ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போனோம். அயித்தை கூட்டத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டுக் கணீர்னு சொல்லுச்சு, "டெய்லி ஒரு ஆஃபு ஒரு குவாட்டரு சார், போன தடவை வலிப்பு வந்துச்சு." வரிசையில நின்ன நாலஞ்சு பொம்பளைங்க திரும்பிப் பாத்தாங்க. அதுல ஒரு அக்கா அயித்தைகிட்ட மெதுவா வந்து, "எங்க வீட்டுலயும்தான், எந்த ரூம்ல பாக்குறாங்க?"ன்னுச்சு.

முன்னாடி வலிப்பு வந்த கேஸுன்னு அட்மிட் பண்ணித்தான் நிறுத்துனாங்க. ஏழு நாளு. மாத்திரை, தயமின், ரெண்டு வேளை கஞ்சி. கை ஆடுச்சு, வேத்துச்சு, ஆனா வலிப்பு வரல, எறும்பு வரல. சலிப்பா இருந்துச்சு அந்த ஏழு நாளும், அவ்வளவுதான். அப்புறமும் மாசாமாசம் மனநல டாக்டர்கிட்ட போறாரு, வாராவாரம் குடியை விட்டவங்க கூட்டம் ஒண்ணுல போயி ஒக்காந்துட்டு வர்றாரு, முதல்ல "அங்க போயி என்னத்தப் பேசுறது"ன்னவரு இப்ப அவரே நாலு பேரைக் கூட்டிட்டுப் போறாரு. போகக் கூச்சமா இருந்தா 14416ங்குற கவர்மெண்டு மனநல ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டாத் தமிழ்லயே பேசுறாங்க, காசு கெடையாது, மாமாவும் ரெண்டு ராத்திரி அதுல பேசியிருக்காரு. கட்டிங் இல்லாம காலைல கை நிக்க மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. நடுவுல ஓரம் கசிஞ்ச கல்லு நெறயா, மேஸ்திரி பொறுத்துக்கிட்டாரு.

இந்தக் கார்த்திகைக்கு மாலை போடுற அன்னைக்கு நானும் கோயிலுக்குப் போயிருந்தேன். குருசாமி இப்பல்லாம் மாலையைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்குறாரு. ஒரு பையன், லோடு ஆட்டோ ஓட்டுறவன், இருவத்தெட்டு வயசு இருக்கும், "எப்பவாச்சும் சாமி"ன்னான். குருசாமி ஒண்ணும் சொல்லாம மாமாவைத் திரும்பிப் பாத்தாரு. மாமா கிட்ட வந்து, "ரெண்டு கையையும் நேரா நீட்டுய்யா"ன்னாரு. நீட்டுனான். காலைல அஞ்சரை மணி, அவன் விரல் பத்தும் தனித்தனியா ஆடுது. மாமா ஒரு நிமிஷம் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு, அப்புறம் அவன் ரெண்டு கையையும் தன் கைக்குள்ள வச்சுப் புடிச்சுக்கிட்டு, "கடைசியா எத்தன மணிக்குய்யா?"ன்னாரு.

அந்தப் பையன் ஜி.எச்.லேருந்து வர எட்டு நாளாச்சு. ஒம்பதாம் நாள் காலைல மாலை போட்டாங்க, மண்டலக் கணக்கு எட்டு நாள் கொறையுதேன்னு குருசாமியும் கேக்கல, வேற யாரும் கேக்கல.